தடுப்பூசிக்குப் பின் தோள் முடங்கினால்: இழப்பீடு கேட்கும் வழி

தடுப்பூசியின் நன்மைகளைப் பற்றி வானொலியில் பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சற்று வேறு. மருந்து நல்ல மருந்துதான். நோயைத் தடுக்கவும் செய்கிறது. ஆனால் ஊசி குத்திய இடம் தவறிப் போய், அதனால் ஒருவரின் தோள் மாதக்கணக்கில் தூக்க முடியாமல் முடங்கிவிட்டால், அவர் யாரிடம் போய்க் கேட்பது? என்ன கேட்பது? எதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது? இவற்றையே இன்று விளக்க முற்படுகிறோம்.

இது அரிதாக நடப்பது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கோடிக்கணக்கான ஊசிகளில் மிகச் சிலவற்றுக்கே இப்படி நேர்கிறது. இதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் இருந்துவிட வேண்டாம். தொண்டை அடைப்பானும் இளம்பிள்ளை வாதமும் தோட்டத்து லயங்களில் என்ன செய்தன என்பதை உங்கள் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். ஆயினும், அரிதாக நடப்பது நமக்கே நடந்துவிட்டால், 'அரிது' என்ற சொல் வீட்டில் அடுப்பு எரியச் செய்யாது. செம்பனைக் குலை அறுக்கிறவர் நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டித் தலைக்கு மேலே தூக்கி இழுக்க வேண்டும். மேல் பட்டையில் பால்மரம் வெட்டுகிற பெண்ணுக்கும் கை தோளுக்கு மேலே போயாக வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறவருக்குத் தோள்வலி ஒரு தொல்லை. நம் மக்களுக்கு அது கூலியே போவதாகும்.

இனி, தோளுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் வலது கையால் இடது தோளின் உச்சியைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியான ஓர் எலும்பு முனை தட்டுப்படும். அதிலிருந்து இரண்டு மூன்று விரல் அகலம் கீழே இறங்கினால், சதை நன்றாகத் திரண்டிருக்கும் இடம் வரும். ஊசிக்கு உரிய இடம் அதுவே. எலும்பு முனைக்கு அடுத்தாற்போல், மேற்சதைக்கு அடியில், ஒரு சிறு மசகுப் பை இருக்கிறது. வண்டிச் சக்கரத்துக்கு மசகு எப்படியோ, அப்படித் தோள் உரசாமல் சுழல அந்தப் பை உதவுகிறது. அதன் பக்கத்திலேயே கையைத் தூக்கும் தசைநாண்கள் ஓடுகின்றன. ஊசி மிக மேலே குத்தப்பட்டாலும், மெலிந்த கைக்கு நீளமான ஊசியைப் பயன்படுத்தினாலும், மருந்து சதையில் இறங்காமல் அந்தப் பைக்குள்ளோ தசைநாணிலோ போய்ச் சேர்ந்துவிடலாம். தடுப்பூசி மருந்தின் வேலையே உடம்பின் காவற்படையை எழுப்பிவிடுவது. அது சதையில் நடந்தால் இரண்டு நாள் வலித்து அடங்கும். மூட்டைச் சுற்றியுள்ள பையில் நடந்தால், அங்கே அழற்சி உண்டாகி, மாதக்கணக்கில் நீடித்துவிடுகிறது. ஆகவே கெடுப்பது மருந்தன்று, அது போய்ச் சேர்ந்த இடமே என்பதை நினைவில் வையுங்கள். இழப்பீட்டு வழக்கின் முழுக் கணக்கும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

இடம் எப்படித் தவறுகிறது? பெரும்பாலும் சட்டையால் தவறுகிறது என்று சொன்னால் சிரிப்பீர்கள். கையை முழுதாக வெளியே எடுக்காமல், கழுத்துப் பக்கத்திலிருந்து சட்டையைக் கொஞ்சம் இறக்கிவிட்டால், கண்ணுக்குத் தெரிவது தோளின் மேற்பகுதி மட்டுமே. ஊசி போடுகிறவரும் அங்கேயே குத்திவிடுகிறார். நாம் உட்கார்ந்திருக்க, மிசி நின்றுகொண்டு குத்தினாலும் ஊசி மேலேறிப் போகும். வரிசை நீளமாகவும் கூட்டம் அதிகமாகவும் இருக்கும் நாளில் இவையெல்லாம் கூடுதலாக நடக்கும். நம் பெண்கள் கூச்சத்தால் சேலை முந்தானையையும் ரவிக்கையின் கையையும் நன்றாக விலக்கமாட்டார்கள். ஒரு மறைப்புத் திரை கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

சாதாரண வலிக்கும் இந்தக் காயத்துக்கும் வேறுபாடு என்ன என்று கேட்பீர்கள். ஊசி போட்ட இடம் சிவந்து, கனத்து, இரண்டு மூன்று நாள் வலிப்பது இயல்பு. காய்ச்சலும் வரலாம். அதற்கு மருந்தே போதும், வழக்கு வேண்டாம். இந்தக் காயமோ ஊசி போட்ட அன்றோ மறுநாளோ தொடங்கி, நாளுக்கு நாள் குறைவதற்குப் பதிலாக நிலைத்துவிடுகிறது. தலை சீவ முடியாது. சட்டையைக் கழற்ற முடியாது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் விழிப்பு வந்துவிடும். வாரங்கள் போகப் போகத் தோள் இறுகிவிடும். ஒரு வாரம் ஆகியும் கை தலைக்கு மேலே போகவில்லை என்றால் டாக்டரிடம் போக வேண்டும். 'எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம்' என்று ஒரு மாதம் காத்திருப்பது உடம்புக்கும் நல்லதன்று, பின்னால் வரும் கணக்குக்கும் நல்லதன்று. டாக்டர்கள் ஒலி அலைப் படமோ காந்தப் படமோ எடுத்துப் பார்ப்பார்கள்; அழற்சியை அடக்கும் மாத்திரை, மூட்டுக்குள் போடும் ஊசி, உடற்பயிற்சிச் சிகிச்சை ஆகியவற்றைக் கொடுப்பார்கள். பலருக்குக் குணமாகிறது. சிலருக்கு ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகிறது.

இந்தக் காயத்துக்கு ஒரு பெயரும் சட்டத்தில் ஓர் இடமும் கிடைத்தது அமெரிக்காவிலேயே. அந்த வரலாறு நமக்குப் பயன்படும். 1980களின் தொடக்கத்தில் அங்கே தொண்டை அடைப்பான், கக்குவான், விறைப்பு வாதம் ஆகிய மூன்றுக்குமான ஊசியால் பிள்ளைகள் கெட்டார்கள் என்று வழக்குகள் குவிந்தன. மருந்துக் கம்பெனிகள் தயாரிப்பதையே நிறுத்தத் தொடங்கின. ஊசி இல்லாமல் போனால் நாட்டுக்கே ஆபத்து. பாதிக்கப்பட்ட குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு அலைய வைப்பதும் நியாயமன்று. எனவே 1986-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1988 அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஊசி ஒவ்வொன்றும் தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 காசு வீதம் வரி வாங்கி ஒரு நிதி சேர்த்தார்கள். பாதிக்கப்பட்டவர் யார் மேலும் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஒரு பட்டியல் இருக்கும். இன்ன ஊசி, இத்தனை நேரத்துக்குள், இன்ன பாதிப்பு என்று அதில் எழுதியிருக்கும். உங்கள் பாதிப்பு அதற்குப் பொருந்தினால், ஊசியே காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். நல்லெண்ணத்தோடும் தக்க காரணத்தோடும் மனுப் போட்டவர் தோற்றாலும் அவருடைய வக்கீல் கட்டணத்தை நிதியே கொடுக்கும். இன்றுவரை 500 கோடி டாலருக்கு மேல் அந்தத் திட்டம் கொடுத்திருக்கிறது.

ஆனால் தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் தோள் காயம் இல்லை. 2007-ல் இரண்டு நோயாளிகளைப் பற்றி அங்கே டாக்டர்கள் எழுதினார்கள். 2010-ல் பதின்மூன்று பேரின் விவரங்கள் வந்தன. அவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு நாளைக்குள்ளேயே வலி தொடங்கியிருந்தது. பிறகு அந்நாட்டு மருத்துவக் கழகத்தின் அறிஞர் குழு ஆராய்ந்து, ஊசி குத்துவதால் தோளின் மசகுப் பையில் அழற்சி உண்டாகிறது என்பதற்குத் தெளிவான ஆதாரம் உண்டு என்று கூறிற்று. 2017 மார்ச்சில் தோள் காயம் பட்டியலில் ஏறியது. அதற்கு நான்கு நிபந்தனைகள் வைத்தார்கள். முன்பு அந்தத் தோளில் வலியோ குறைபாடோ இருந்திருக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும். வலியும் முடக்கமும் ஊசி போட்ட அதே தோளில் மட்டும் இருக்க வேண்டும். வேறு நோயால் அது விளங்கக் கூடாது. இவற்றோடு, பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். வேதனைக்காகக் கொடுக்கும் தொகைக்கு 2,50,000 டாலர் என்பது உச்ச வரம்பு. சில ஆண்டுகளிலேயே அங்கு வரும் மனுக்களில் ஏறக்குறைய பாதி தோள் காயமாகிவிட்டது. 'இது குத்துகிறவரின் தவறு, மருந்தின் தவறன்று' என்று சொல்லி அதைப் பட்டியலிலிருந்து நீக்க 2021 ஜனவரியில் ஆணை பிறந்தது. அடுத்து வந்த ஆட்சி ஏப்ரலிலேயே அதை ரத்துச் செய்தது. கோவிட் ஊசி மட்டும் அங்கும் இந்தத் திட்டத்துக்குள் வரவில்லை. அதற்குத் தனியாக ஓர் ஏற்பாடு. அதில் மனுப் போடவே ஓர் ஆண்டுதான் தவணை.

எல்லா நாடுகளும் இவ்வளவு விரிவாகச் செய்யவில்லை. பிரிட்டன் 1979-ல் ஒரு சட்டம் போட்டது. இன்று அதில் கிடைப்பது 1,20,000 பவுன். ஆனால் ஊனம் நூற்றுக்கு அறுபது பங்கு இருந்தால்தான் ஒரு காசாவது கிடைக்கும். தூக்க முடியாத ஒரு தோள் அறுபது பங்கை எட்டுவது கடினம். ஆகவே திட்டம் இருக்கிறது என்பதாலேயே அது நமக்கு உதவும் என்று சொல்லிவிட முடியாது.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் எல்லாத் தடுப்பூசிகளுக்கும் பொதுவான இழப்பீட்டுச் சட்டம் இல்லை. கோவிட் ஊசித் திட்டம் 2021 பிப்ரவரி 24-ல் தொடங்கியபோது, அடுத்த மாதமே அரசாங்கம் ஒரு சிறப்பு நிதி உதவியை அறிவித்தது. கடுமையான பக்க விளைவால் நீண்ட நாள் மருத்துவமனையில் கிடந்தவருக்கு 50,000 ரிங்கிட் வரையிலும், நிரந்தர ஊனமோ மரணமோ நேர்ந்தால் 5,00,000 ரிங்கிட் வரையிலும் என்பது அந்த அறிவிப்பு. தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனத்தின் வழி அந்த உதவி ஏற்பாடாயிற்று. அது உதவித் தொகை; யாருடைய தவறையும் ஒப்புக்கொள்வதன்று. ஆஸ்பத்திரியில் படுக்காமல், வீட்டிலிருந்தபடியே எட்டு மாதம் தோளைத் தூக்க முடியாமல் தவித்தவருக்கு அந்த இரண்டு வாசலும் பெரும்பாலும் ஒடுக்கமானவை. கையைத் தூக்க முடியாத நிலை நிரந்தரமாகிவிட்டது என்று நிபுணர் எழுதிக் கொடுத்தால்தான் இரண்டாவது வாசலைத் தட்டிப் பார்க்க முடியும். அமெரிக்கப் பட்டியலைப் போல ஒன்றை நம் நாட்டிலும் ஏற்படுத்த வேண்டும் என்பது எங்கள் எண்ணம். அது வரும்வரை நமக்கு இருப்பது இரண்டு வழிகள்: ஒன்று சொக்சோ, மற்றொன்று நீதிமன்றம்.

சொக்சோவை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அங்கே வக்கீல் தேவையில்லை, தவறை மெய்ப்பிக்கவும் தேவையில்லை. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், வேலையின் காரணமாக வேலையின் போக்கில் நேர்ந்த விபத்துக்கு உதவி உண்டு. ஊசியை நாமே விரும்பி வெளிக் கிளினிக்கில் போட்டுக்கொண்டோம் என்றால் அதை வேலை விபத்து என்று சொல்வது கடினம். ஆனால் முதலாளியின் உத்தரவின் பேரில், வேலை நேரத்தில், தோட்டத்து மண்டபத்திலேயே வரிசையில் நிறுத்திப் போட்ட ஊசி என்றால், மனுப் போட்டுக் கேட்பதற்கு இடமிருக்கிறது. முடிவு சொக்சோவுடையது, மறுத்தால் மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. ஏற்றுக்கொண்டால், நான்கு நாளுக்குக் குறையாத எம்.சி. இருக்கும் காலத்துக்கு, சட்டப்படி கணக்கிடும் நாள் சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு கிடைக்கும். தோளைப் பழக்கும் சிகிச்சைக்கு மலாக்காவில் சொக்சோவின் மறுவாழ்வு மையமும் 2014 முதல் இருக்கிறது. தொழிற்சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர்கள் கிளைச் செயலாளரை உடன் அழைத்துக்கொண்டு போவது நல்லது. பாரங்களை நிரப்புவதில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு.

நீதிமன்ற வழி வேறு. அங்கே மூன்று செய்திகளை மெய்ப்பிக்க வேண்டும். ஊசி போட்டவர் கவனமாக நடக்கும் கடமை உடையவர் என்பது முதலாவது. இதில் சிக்கல் இல்லை. அந்தக் கடமையில் தவறினார் என்பது இரண்டாவது. அந்தத் தவறால்தான் தோள் கெட்டது என்பது மூன்றாவது. கிரிமினல் வழக்கைப் போல ஐயத்துக்கு இடமில்லாமல் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தராசில் நம் தட்டு கொஞ்சம் தாழ்ந்தால் போதும். சிகிச்சையில் தவறு நடந்ததா என்பதை, பொறுப்புள்ள மருத்துவர்கள் ஏற்றுக்கொள்ளும் வழக்கத்தை வைத்தே அளக்க வேண்டும் என்று நம் கூட்டரசு நீதிமன்றம் 2017-ல் ஒரு பிரசவ வழக்கில் தெளிவாக்கியது. ஆபத்துகளை முன்கூட்டிச் சொல்லும் கடமைக்கு மட்டும் 2006-ன் ஃபூ ஃபியோ நா வழக்கில் சொன்ன கடுமையான அளவு பொருந்தும். ஊசியை எங்கே குத்த வேண்டும் என்பது எல்லாப் பயிற்சி நூல்களிலும் உள்ள செய்தி. எலும்பு முனையை ஒட்டிக் குத்துவதை எந்தப் பொறுப்புள்ள மருத்துவரும் வழக்கம் என்று சொல்லமாட்டார். ஆகவே, 'அங்கேதான் குத்தினார்' என்பதை நிலைநாட்டுவதே உண்மையான போராட்டம்.

இங்கே நாள் கணக்கு மிக முக்கியம். ஊசி போட்டது அரசாங்கக் கிளினிக்கோ அரசாங்க ஆஸ்பத்திரியோ என்றால், 1948-ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதத்துக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும். தனியார் கிளினிக் என்றால் 1953-ஆம் ஆண்டின் கால வரம்புச் சட்டப்படி ஆறு ஆண்டு. புகார்க் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது அந்த 36 மாதம் நின்று நமக்காகக் காத்திருக்காது. 'விசாரித்துக்கொண்டிருக்கிறோம்' என்று கடிதம் வந்தாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதை அறியாமல் உரிமையை இழந்தவர்கள் எல்லா வகை விபத்து வழக்குகளிலும் உண்டு. கேட்கும் தொகை 1,00,000 ரிங்கிட்டுக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம். அதற்கு மேல் 10,00,000 வரை செஷன்ஸ் நீதிமன்றம். தோட்டங்கள் மூடப்பட்டு, ராவாங், பத்துமலை, செலாயாங் பக்கத்து அடுக்குமாடிகளுக்குக் குடிவந்துவிட்ட குடும்பங்களுக்கு இந்த இரண்டு நீதிமன்றங்களுமே செலாயாங்கில் இருக்கின்றன.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதை முன்கூட்டியே அறிந்து வைப்பது நல்லது. நம்மவர்களில் இனிப்பு நீர் உள்ளவர்கள் ஏராளம். இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு ஊசியே போடாவிட்டாலும் தோள் தானாக இறுகிப் போவதுண்டு. இது மருத்துவ உண்மை. 'இருபது ஆண்டு குலை அறுத்த தோள், அது தேய்ந்துதான் இருக்கும்' என்றும் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கக்கூடும். இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டுமானால், ஊசிக்கு முதல் நாள் வரை அந்தத் தோள் எப்படி இருந்தது என்பதைக் காட்ட வேண்டும். அதற்குத் தோட்டத் தொழிலாளியிடம் இருக்கும் சாட்சி வேறு யாரிடமும் இல்லை. அதுதான் செக்ரோல். ஊசிக்கு முந்திய மாதம் நாள்தோறும் எத்தனை குலை, எத்தனை டன். பிந்திய மாதம் எத்தனை என்பது கிராணியின் ஏட்டில் இருக்கிறது. சம்பளச் சீட்டிலும் அது தெரியும். சம்பளச் சீட்டைச் சமையலறை அலமாரிக்குத் தாளாக விரித்துவிடும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று தாய்மார்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை பாடத்துக்காக நாம் எடுத்துக்கொண்ட எண்களே. ஒருவர் ஊசிக்கு முன் நாளொன்றுக்கு 90 ரிங்கிட் சம்பாதித்தார். பின்னர் கம்பு தூக்க முடியாமல், உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு மாறி 66 ரிங்கிட் வாங்குகிறார். நாளுக்கு 24 குறைவு. மாதம் 26 நாள் என்றால் 624. எட்டு மாதத்துக்கு 4,992 ரிங்கிட். இதைச் சீட்டோடு காட்டினால் அது 'எனக்கு நட்டம்' என்ற அழுகையாக இராது, கணக்காக இருக்கும். மருந்துச் செலவு, பஸ் கட்டணம், டாக்சிக் கட்டணம் ஆகியவற்றுக்கும் ரசீது இருந்தால் கேட்கலாம். வலிக்கும் வேதனைக்கும் தொகையை நீதிபதி முன் வழக்குகளைப் பார்த்துத் தீர்மானிப்பார். 60 வயதை எட்டிவிட்டவர்கள் எதிர்கால வருமான இழப்பைக் கேட்க முடியாது என்ற கட்டுப்பாடும் சட்டத்தில் உண்டு.

அடுத்த சாட்சி டாக்டரின் குறிப்பு. இங்கேதான் நம் மக்கள் அதிகமாகத் தவறவிடுகிறார்கள். டாக்டர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, 'பாஹு சாகிட்' என்று இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டாக்டரும் 'தோள்வலி' என்று எழுதி மாத்திரை கொடுத்துவிடுகிறார். ஊசியைப் பற்றி அந்தக் குறிப்பில் ஒரு சொல்கூட இராது. ஓர் ஆண்டு கழித்து வக்கீல் அந்தக் குறிப்பை வாங்கிப் பார்த்தால், ஊசியும் வலியும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் கிடக்கும். 'செலெப்பாஸ் சுந்திக்' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த நாள் ஊசி போட்டது, எத்தனை மணிக்கு வலி தொடங்கியது, எந்தத் தோள், முன்பு அந்தத் தோளில் வலி இருந்ததில்லை என்ற நான்கையும் சொல்லி, 'எழுதிக்கொள்ளுங்கள் டாக்டர்' என்று பணிவோடு கேளுங்கள். மலாய் சரளமாக வராதவர்கள் பள்ளியில் படிக்கும் மகளையோ மகனையோ கூட அழைத்துப் போகலாம். ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை இதை அழகாகச் சொல்லிவிடும். எங்கள் மாணவர்கள் பெற்றோருக்காக இதைவிடக் கடினமான செய்திகளையெல்லாம் மொழிபெயர்த்துச் சொல்கிறார்கள்.

வீட்டிலும் ஒரு சாட்சி இருக்கட்டும். சுவரில் தொங்கும் நாட்காட்டியிலேயே, ஊசி போட்ட தேதியில் ஒரு வட்டம் போட்டு, 'இன்று கை தூக்க முடியவில்லை', 'இரவு தூக்கமில்லை' என்று அன்றன்று எழுதி வையுங்கள். ஆண்டு முடிந்ததும் அந்த நாட்காட்டியைக் குப்பையில் போடாதீர்கள். குத்திய இடத்தில் பொட்டுப் போல் புள்ளியோ வீக்கமோ தெரியும்போதே கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எலும்பு முனையும் படத்தில் தெரிய வேண்டும். ஊசிச் சீட்டில் மருந்தின் பெயர், தொகுதி எண், தேதி, இடம் எல்லாம் இருக்கும். கோவிட் ஊசி என்றால் மைசெஜாத்ரா செயலியிலும் பதிவாகியது. ஊசியின் பாதிப்பைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு யாரும், டாக்டர் அல்லாத நாமும்கூட, தெரிவிக்கலாம். அது இழப்பீட்டு மனு ஆகாது. ஆனால் இன்ன தேதியில் நாம் இதைச் சொன்னோம் என்பதற்கு ஓர் அத்தாட்சி.

மருத்துவ அறிக்கை வேண்டுமானால் சிகிச்சை பெற்ற ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் அடையாளக் கார்டோடு போய் மனுப் போட வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு. செலாயாங் மருத்துவமனை 1999-ல் திறக்கப்பட்டபோதே நோயாளிகளின் குறிப்புகளைத் தாளில் அல்லாமல் கணினியில் பதியும் முறையோடு தொடங்கியது. ஆகவே அங்கே பார்த்துக்கொண்டவர்கள் 'பழைய ஏடு காணாமல் போயிருக்குமோ' என்று எண்ணி மனுப் போடாமல் இருக்க வேண்டாம்.

வக்கீலிடம் போகும்போது ஓர் எச்சரிக்கை. ஆஸ்பத்திரி வாசலிலும் காப்பிக் கடையிலும் வந்து, 'அண்ணே, நான் கேசை நடத்தித் தருகிறேன், வருவதில் பாதி எனக்கு' என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வெற்றி பெற்றால் பங்கு என்ற ஒப்பந்தம் வக்கீல்களுக்கே இந்நாட்டில் சட்டப்படி கூடாது; தரகருக்கு எப்படிக் கூடும்? வெள்ளைத் தாளிலும், படித்துப் புரியாத தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முழுத் தொகையும் பெற்றுக்கொண்டு இனி உரிமை கோரமாட்டேன் என்று எழுதிய தாளாக அது இருக்கலாம். வசதியில்லாதவர்கள் வக்கீல் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் போய் ஆலோசனை கேட்கலாம். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவிலும் ஒரு பகுதியைக் கட்ட வேண்டி வரலாம் என்பதையும் வக்கீலிடம் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று வாரத்தில் குணமாகிவிட்ட தோளுக்கு வழக்குப் போடுவது புத்திசாலித்தனமாகாது. நிபுணரை அழைக்கும் செலவே அதை விழுங்கிவிடும். பல மாதம் கூலி போனவர்களுக்கும், தோள் நிரந்தரமாகக் குறைபட்டவர்களுக்கும்தான் இந்த நீண்ட வழி. அவர்களும் முதலில் ஆஸ்பத்திரிக்கோ கிளினிக்குக்கோ தேதியிட்ட கடிதம் ஒன்றை எழுதி, அதன் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சில வேளை அந்தக் கடிதமே சமரசத்துக்கு வழி திறந்துவிடும்.

கடைசியாக, ஒரு தோள் கெட்டவர் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா என்ற கேள்வி. மருந்தால் வந்த ஒவ்வாமை அன்று, குத்திய இடத்தால் வந்த கேடு என்று டாக்டர் சொல்லியிருந்தால், போட்டுக்கொள்ளலாம். மற்றக் கையில் போடச் சொல்லுங்கள். சட்டைக் கையை முழுதாகக் கழற்றிவிட்டு, அந்தக் கையை இடுப்பில் ஊன்றி, முழங்கை சற்று வெளியே நிற்க உட்காருங்கள். ஊசி போடுகிறவரையும் உட்காரச் சொல்லிக் கேளுங்கள். 'மிசி, போன தடவை மேலே குத்திவிட்டார்கள், இந்தத் தடவை கொஞ்சம் கீழே பார்த்துப் போடுங்கள்' என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாளில், கை நன்றாகத் திறக்கும் தொளதொளப்பான சட்டையைப் போட்டு அனுப்புங்கள். மற்றதை ஆசிரியர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வோம்.